கண்டது வேறு, நிறுவியது வேறு

மருத்துவ அறிவு இரண்டு வேலைகளால் வளர்கிறது. நோயாளியின் படுக்கையருகே புதிதாக ஒன்றைக் கவனிப்பது முதல் வேலை. கவனித்தது தற்செயலா உண்மையா என்று ஒப்பிட்டுச் சோதிப்பது இரண்டாவது. கொரோனா பெருந்தொற்றுக்கு முன்பு இவ்விரண்டுக்கும் நடுவே மாதங்கள் கழிந்தன, சில வேளைகளில் ஆண்டுகளும் கழிந்தன. ஒரு மருத்துவர் தாம் கண்டதைக் கட்டுரையாக எழுதி, அதே துறையின் வேறு வல்லுநர்கள் அதைப் படித்துக் குறைகளைச் சுட்டும் ‘சக மதிப்பீடு’ என்ற கட்டத்தைத் தாண்டி, அது இதழில் அச்சேறிய பிறகே பெரும்பாலும் மற்ற மருத்துவர்களுக்குத் தெரியவந்தது. 2020-இல் வீசாட், ட்விட்டர், வாட்ஸ்அப், யூடியூப் போன்ற சமூக ஊடகங்கள் முதல் வேலையைச் சில மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தன. இரண்டாவது வேலை அவற்றின் சக்திக்கு அப்பாற்பட்டதாகவே இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் சமூக ஊடகம் மருத்துவத்துக்குச் செய்த நன்மை, தீமை இரண்டையும் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே விளக்கிவிடலாம்.

2019 டிசம்பர் 30 அன்று சீனாவின் ஊஹான் மத்திய மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஐ ஃபென் என்ற மருத்துவரின் கைக்கு ஒரு நோயாளியின் ஆய்வக அறிக்கை வந்தது. அதில் ‘சார்ஸ் கொரோனா வைரஸ்’ என்றிருந்த சொற்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கைபேசியில் படம் பிடித்து, வேறொரு மருத்துவமனையில் பணியாற்றிய தம் பழைய வகுப்புத் தோழருக்கு அவர் அனுப்பினார். கைமாறிக் கைமாறி அன்று மாலைக்குள் அந்தத் தகவல் கண் மருத்துவர் லீ வென்லியாங்கை எட்டியது. தம்முடன் மருத்துவம் படித்தவர்கள் இருந்த வீசாட் குழுவில், ஹுவானான் கடலுணவுச் சந்தையோடு தொடர்புடைய ஏழு பேருக்குச் சார்ஸ் உறுதியாகியிருக்கிறது என்றும், குடும்பத்தாரைக் கவனமாக இருக்கச் சொல்லுங்கள் என்றும் அவர் எழுதினார். கொரோனா வைரஸ் என்பது உறுதி, ஆனால் எந்த வகை என்பது இனிமேல்தான் தெரியும் என்று சற்று நேரத்தில் அவரே திருத்தியும் எழுதினார்.

ஜனவரி 3 அன்று காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்ட லீயிடம், உண்மைக்குப் புறம்பானவற்றைப் பரப்பியதாகக் கூறும் எச்சரிக்கைக் கடிதத்தில் கையொப்பம் வாங்கப்பட்டது. இனி இப்படிச் செய்யாமல் இருக்க முடியுமா என்ற கேள்வியின் கீழ் ‘முடியும்’ என்றும், புரிந்ததா என்ற கேள்வியின் கீழ் ‘புரிந்தது’ என்றும் அவர் கைப்பட எழுதி, மேலே சிவப்பு விரல்ரேகை பதித்திருந்தார். பின்னர் தம் நோயாளி ஒருவரிடமிருந்து தொற்று ஏற்பட்டு, 2020 பிப்ரவரி 7 அன்று அவர் இறந்தார். அந்த நோய் சார்ஸ் அல்ல, அதற்கு நெருங்கிய உறவுடைய புதிய வைரஸால் வந்தது என்பதால், சொல்லுக்குச் சொல் பார்த்தால் லீ எழுதிய முதல் செய்தி பிழையானதே. ஆனால் ஆபத்தான, தொற்றக்கூடிய நுரையீரல் நோய் ஒன்று வந்துவிட்டது என்ற கவனிப்பு முற்றிலும் சரியானது. அந்த ‘வதந்தி’யை மக்கள் நம்பி முகக்கவசம் அணிந்து சந்தையைத் தவிர்த்திருந்தால் அது நன்மையாகவே முடிந்திருக்கும் என்ற பொருளில் சீன உச்ச மக்கள் நீதிமன்றத்தின் சமூக ஊடகப் பக்கத்திலேயே ஜனவரி 28 அன்று ஒரு கட்டுரை வந்தது. மார்ச் மாதத்தில் அந்த எச்சரிக்கைக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது.

கவனிப்பு வேகமாகப் பயணம் செய்ததன் பலன் சீனாவுக்கு வெளியே உடனே தெரிந்தது. உலகெங்கும் தோன்றும் புதிய நோய்களைப் பற்றி 1994 முதல் மருத்துவர்களுக்கு மின்னஞ்சலில் செய்தி அனுப்பிவரும் புரோமெட் என்ற சேவை, சீனச் சமூக ஊடகமான வெய்போவில் நடந்த உரையாடலைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதே டிசம்பர் 30 முடிவதற்குள் ஊஹானின் காரணம் தெரியாத நிமோனியாவைப் பற்றி விவரம் கேட்டு உலகுக்கு அறிவிப்பு விடுத்தது. ஜனவரி 11 அன்று சீன விஞ்ஞானி சாங் யோங்சென்னின் குழு கண்டறிந்த வைரஸின் மரபணு வரிசையை, ஆஸ்திரேலியாவில் பணியாற்றும் எட்வர்ட் ஹோம்ஸ் இணையத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டு, அச்செய்தியை ட்விட்டரில் அறிவித்தார். மரபணு வரிசை என்பது வைரஸின் உடலமைப்பைத் தீர்மானிக்கும் வேதியியல் எழுத்துகளின் தொடர். இந்த வைரஸில் அவை ஏறத்தாழ 30,000. அந்த எழுத்துகள் கிடைத்த இரண்டு நாளில் மாடர்னா நிறுவனம் தன் தடுப்பூசிக்கான வரிசையை முடிவு செய்துவிட்டது; வைரஸின் ஒரு துளிகூட அந்த ஆய்வகத்துக்குள் வந்திருக்கவில்லை.

கவனிப்பு சோதனையாக மாறிய மிகத் தெளிவான எடுத்துக்காட்டு வாசனை தெரியாமல் போனது பற்றியது. காய்ச்சலும் இருமலும் மட்டுமே கொரோனாவின் அறிகுறிகளாகச் சொல்லப்பட்டுவந்த 2020 மார்ச்சில், மூக்கடைப்பே இல்லாமல் மோப்ப உணர்வை இழந்தவர்கள் திடீரெனப் பெருகுவதைப் பல நாட்டுக் காது மூக்குத் தொண்டை மருத்துவர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். மார்ச் 20 அன்று பிரிட்டனின் அத்துறைச் சங்கங்கள் இதைப் பொது அறிக்கையாக வெளியிட்டன. நான்கு நாள் கழித்து லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு கைபேசிச் செயலியை வெளியிட்டு, உடல்நிலையை நாள்தோறும் அதில் பதியுமாறு மக்களைக் கேட்டனர்; 26 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தனர். பரிசோதனையில் தொற்று உறுதியானவர்களில் நூற்றுக்குச் சுமார் 65 பேர் மோப்பமோ சுவையோ இழந்ததாகச் சொன்னார்கள். இந்த எண் தனித்து நின்றால் அதற்குப் பொருள் குறைவு. தொற்று இல்லை என்று முடிவு வந்தவர்களில் அவ்வாறு சொன்னவர்கள் நூற்றுக்குச் சுமார் 22 பேர் மட்டுமே என்ற இரண்டாவது எண்தான் முதல் எண்ணுக்கு உயிர் கொடுக்கிறது. மே 18 அன்று பிரிட்டன் அரசு வாசனை இழப்பை அதிகாரபூர்வ அறிகுறிகளில் சேர்த்தது.

இரண்டாவது எண்ணைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் கதையே போதும். மலேரியாவுக்கும் முடக்குவாதத்துக்கும் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவரும் அந்த மாத்திரையைப் பற்றிப் பிரான்சின் மார்செய் நகர நுண்ணுயிரியலாளர் திதியே ரவுல்ட் 2020 மார்ச் நடுவில் யூடியூபில் பேசினார். அதே நாட்களில் எலான் மஸ்க் அதைப் பற்றி ட்விட்டரில் எழுத, மார்ச் 20 அன்று ரவுல்ட் குழுவின் ஆய்வுக் கட்டுரை வெளிவர, மறுநாள் அமெரிக்க அதிபர் டிரம்ப் அதை மருத்துவ வரலாற்றின் பெரிய திருப்பங்களில் ஒன்றாக ஆகலாம் என்று கோடிக்கணக்கான தம் பின்தொடர்வோருக்கு அறிவித்தார். இரண்டே நாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பணிக்குழு சுகாதாரப் பணியாளர்களுக்கு முன்தடுப்பாக அம்மாத்திரையைப் பரிந்துரைத்தது. லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய்க்கு அதை அன்றாடம் விழுங்கியாக வேண்டியவர்கள் பல நாடுகளில் மருந்துக்கடைகளில் அது கிடைக்காமல் அலைந்தார்கள்.

அந்தக் கட்டுரையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. அதில் மருந்து பெற்றவர்கள் 26 பேர். முடிவில் கணக்கில் வந்தவர்கள் 20 பேர். விடுபட்ட ஆறு பேரில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டவர்கள், ஒருவர் இறந்துபோனவர், ஒருவர் குமட்டலால் மருந்தை நிறுத்தியவர், ஒருவர் மருத்துவமனையை விட்டுச் சென்றவர். அதாவது மருந்து பெற்றும் நிலை மோசமானவர்கள் கணக்கிலிருந்து விலக, ஆறாம் நாளில் மூக்கில் வைரஸ் இருக்கிறதா என்ற கேள்வி மீதமிருந்தவர்களிடம் மட்டுமே கேட்கப்பட்டது. ஒப்பீட்டுக் குழுவில் இருந்த 16 பேரில் பலர் வேறு ஊர்களில் வேறு மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்கள். கட்டுரையின் நடுவே வெளிப்படையாகவே இருந்த இந்த விவரத்தை ஒரு ட்வீட்டால் சுமக்க முடியாது என்பதைவிட, பகிர்ந்தவர்கள் அதைத் தேடவே இல்லை என்பதுதான் உண்மைக்கு நெருக்கமானது.

ஏறக்குறைய அதே நாளில், மார்ச் 19 அன்று, பிரிட்டனில் ரெகவரி என்ற பெருஞ்சோதனையில் முதல் நோயாளி சேர்க்கப்பட்டார். யாருக்கு மருந்து, யாருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்ந்தெடுக்காமல் கணினி குலுக்கல் முறையில் தீர்மானித்தது. இரு குழுவிலும் முதியோரும் இளையோரும், நோய் முற்றியவரும் முற்றாதவரும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் அமைவதற்கு இதைவிடச் சிறந்த வழி மருத்துவத்தில் இல்லை. ஜூன் 5 அன்று முதற்கட்ட முடிவு வந்தது. பின்னர் வெளியான முழுக் கணக்கின்படி, ஹைட்ராக்சிகுளோரோகுயின் பெற்ற 1,561 பேரில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 27 சதவீதம்; பெறாத 3,155 பேரில் 25 சதவீதம். மருந்தால் பயன் இல்லை. மார்செய் கட்டுரை 2024 டிசம்பரில் இதழிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

உயிரைக் காத்த மருந்து வேறொன்று. அதைப் பற்றிச் சமூக ஊடகத்தில் யாரும் முன்கூட்டிப் பரபரக்கவில்லை. டெக்சாமெதசோன் என்ற, எந்த மருந்துக்கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்டீராய்டை அதே ரெகவரி சோதனை ஆராய்ந்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகவும், ஆக்சிஜன் பெற்றுக்கொண்டிருந்தவர்களில் 26.2-லிருந்து 23.3 ஆகவும் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களில் எண்கள் எதிர்த்திசையில் நின்றன: மருந்து பெறாதவர்களில் 14 சதவீதம், பெற்றவர்களில் 17.8 சதவீதம். ஆகவே ‘ஆக்சிஜன் தேவைப்படும்போது மட்டும்’ என்ற நிபந்தனைதான் இந்தக் கண்டுபிடிப்பின் பாதி. மருந்துச்சீட்டாக வாட்ஸ்அப்பில் சுற்றிவந்தபோது மருந்தின் பெயரும் வேளைக்கு எத்தனை மில்லிகிராம் என்பதும் மிஞ்சின, நிபந்தனை உதிர்ந்தது. 2021 கோடையில் இந்தியாவில் லேசான காய்ச்சலின் முதல் நாளிலேயே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் ஏராளம். கட்டுக்கடங்காத சர்க்கரையும் தேவைக்கு மீறிய ஸ்டீராய்டும் சேர்ந்தால் கருப்புப் பூஞ்சை நோய்க்கு வழி திறக்கும் என்று மருத்துவர்கள் அந்த மே மாதம் முழுதும் எச்சரிக்க வேண்டியிருந்தது. மருத்துவத்தில் ‘ஆனால்’, ‘மட்டும்’, ‘எனில்’ போன்ற இடைச்சொற்களே மருந்தையும் நஞ்சையும் பிரிப்பவை; பகிர்வில் முதலில் தொலைபவையும் அவையே.

சமூக ஊடகத்தைப் பிழைகளின் ஊற்றாக மட்டும் காட்டுவது நியாயமாகாது, பிழையைப் பிடித்ததும் அதே ஊடகம்தான். 2020 மே 22 அன்று புகழ்பெற்ற லான்செட் இதழ், 671 மருத்துவமனைகளின் 96,032 நோயாளிகளைப் பற்றியது என்று சொல்லப்பட்ட ஆய்வொன்றை வெளியிட்டது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் இறப்பை அதிகரிக்கிறது என்பது அதன் முடிவு. உலகச் சுகாதார நிறுவனம் தன் சோதனையின் அந்தப் பகுதியையே நிறுத்திவைத்தது. ஆனால் ஆஸ்திரேலியாவில் அந்த ஆய்வுக்காலம் முடியும்வரை பதிவான மொத்த இறப்புகளைவிட அதிக இறப்புகள் அந்தத் தரவில் இருப்பதை வாசகர்கள் கண்டுபிடித்தனர். ட்விட்டரில் தொடங்கிய ஐயங்கள் ஆய்வாளர்களின் பகிரங்கக் கடிதமாகத் திரண்டன. தரவை வழங்கிய சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனம் மூலத் தரவைக் காட்ட மறுத்ததால், ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. சக மதிப்பீட்டைத் தாண்டி வந்த ஒன்று, இரண்டே வாரத்தில் பொதுவெளி மதிப்பீட்டில் விழுந்தது. எனினும் விழச் செய்தவர்கள் தரவு அட்டவணைகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவில் சமூக ஊடகம் வேறொரு வேலையை ஏற்றது. நாளொன்றுக்குத் தொற்று நான்கு லட்சத்தைத் தாண்டிய நேரத்தில், நோயாளியின் வயது, ஆக்சிஜன் அளவு, ஊர், உடனிருப்பவரின் கைபேசி எண் ஆகியவற்றைத் தாங்கிய சிறு செய்திகள் ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் இடைவிடாமல் ஓடின. கல்லூரி மாணவர்களும் ஐ.டி. ஊழியர்களும் ஒவ்வொரு எண்ணையும் அழைத்துப் படுக்கை இருக்கிறதா, சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்டு, சரிபார்த்த நேரத்தையும் எழுதிப் பகிர்ந்தார்கள். இப்படி முறையிடுவோர் மீது அரசுகள் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் இயங்கிய கட்டளை மையம் தொலைபேசியோடு ட்விட்டரில் வந்த கோரிக்கைகளையும் ஏற்றுப் படுக்கை ஒதுக்கியது. படுக்கை எங்கே காலியாக இருக்கிறது என்பதற்கு ஒப்பீட்டுக் குழு தேவையில்லை, ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அதனால் இந்த வேலையில் சமூக ஊடகம் சிறப்பாகவே இயங்கியது.

அதே செய்திகளில் படுக்கைக்கு அடுத்தபடி அதிகம் கேட்கப்பட்டவை ரெம்டெசிவிரும் பிளாஸ்மாவும். சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிர் வாங்க வெளியூர்களிலிருந்தும் வந்து மக்கள் விடிய விடிய வரிசையில் நின்றார்கள். குணமாகும் காலத்தை அது சில நாள் குறைப்பதாக ஒரு சோதனை காட்டியிருந்தது. ஆனால் இறப்பைக் குறைப்பதற்குச் சான்று இல்லை என்று 2020 நவம்பரிலேயே உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு எதிராகப் பரிந்துரைத்திருந்தது. குணமடைந்தவர்களின் குருதி நீரை நோயாளிக்கு ஏற்றும் பிளாஸ்மா சிகிச்சையை இந்தியாவிலேயே 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் சோதித்து, பயனில்லை என்ற முடிவு 2020 அக்டோபரில் வெளியாகியிருந்தது. அந்த முடிவு வந்து ஆறு மாதத்துக்குப் பிறகும் பிளாஸ்மாக் கொடையாளரைத் தேடும் செய்திகள் நிற்கவில்லை. 2021 மே 17 அன்றுதான் மத்திய அரசின் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது. இதற்கு மக்களைக் குறை சொல்வது பொருந்தாது. சீட்டில் எழுதிக் கொடுத்தவர்கள் மருத்துவர்கள், வழிகாட்டுதலில் வைத்திருந்தவை நிறுவனங்கள். சமூக ஊடகம் அந்தத் தவற்றுக்கு வேகம் கொடுத்தது.

ஒன்றன் பின் ஒன்று நிகழ்வதையே காரணமாகக் கொள்ளும் மயக்கம் தடுப்பூசி வேளையில் தமிழ்நாட்டை நேரடியாகத் தொட்டது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று மக்களுக்கு ஊக்கமளிக்கும் விதமாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு ஏற்பட்டு, 17-ஆம் தேதி காலமானார். இதயத்தின் முக்கியத் தமனியில் முழு அடைப்பு இருந்ததை மருத்துவர்கள் விளக்கியும், இரண்டையும் முடிச்சுப் போட்ட காணொலிகள் ஊர் ஊராகச் சென்றன. தடுப்பூசிக்குப் பிந்தைய விளைவுகளை ஆராயும் தேசியக் குழு, அவரது இறப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று அறிக்கை தந்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. தமனிக்குள் கொழுப்புப் படிவது ஒருநாள் இரவில் நடப்பதில்லை என்று விளக்குவதற்குப் பிடிக்கும் நேரத்தில் ஒரு காணொலி நூறு குழுக்களைத் தாண்டிவிடும்.

தொற்றுக்குப் பிறகும் நீடிக்கும் நெடுங்கோவிட் நோயில் நோயாளிகளே கவனிப்பவர்களாக மாறிய வரலாறு இவை எல்லாவற்றிலும் அபூர்வமானது. லேசான தொற்று ஏறக்குறைய இரண்டு வாரத்தில் குணமாகும் என்பது 2020 பிப்ரவரியில் உலகச் சுகாதார நிறுவனமும் சீனாவும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையின் கணிப்பு. மார்ச்சில் நோயுற்று, மே வந்தும் படியேற முடியாமல், படித்த வரி நினைவில் நிற்காமல் தவித்தவர்களுக்கு அந்தக் கணிப்பில் இடமில்லை. பரிசோதனைக் கருவிகள் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கே போதாத நாட்கள் என்பதால், இவர்களில் பெரும்பாலோரிடம் தொற்று வந்ததற்கான சான்றும் இல்லை. பதற்றம், மனச்சோர்வு என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இணையக் குழுக்களில் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியோடு தொடர்புடைய இத்தாலியத் தொல்லியலாளர் எலிசா பெரேகோ, தம் நோயைக் குறிக்க 2020 மே 20 அன்று ட்விட்டரில் ‘லாங் கோவிட்’ என்ற குறிச்சொல்லைப் பயன்படுத்தினார். மருத்துவம் படிக்காத ஒருவர் இட்ட அந்தப் பெயர் இன்று மருத்துவ நூல்களில் இருக்கிறது.

பெயரோடு நிற்காமல் அவர்கள் எண்ணவும் தொடங்கினர். ஆராய்ச்சிப் பயிற்சி பெற்ற சில நோயாளிகள் சேர்ந்து, ஒரு நோயாளிகள் குழுவிலிருந்து 640 பேரிடம் திரட்டிய முதல் அறிக்கையை அந்த மே மாதத்திலேயே வெளியிட்டனர். பிறகு 56 நாடுகளின் 3,762 பேரைக் கொண்டு அவர்கள் நடத்திய பெரிய ஆய்வு 2021 ஜூலையில் இ-கிளினிக்கல் மெடிசின் இதழில் வந்தது. பத்து உறுப்பு மண்டலங்களில் 203 அறிகுறிகளை அது பட்டியலிட்டது. உடலாலோ மூளையாலோ சற்று உழைத்தால் சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து நோய் திரும்பவும் மோசமாவதை அது முதன்மையான அறிகுறிகளில் ஒன்றாகக் காட்டியது. வழக்கமான மருத்துவப் படிவத்தில் இதைப் பற்றிய கேள்வி இருப்பதில்லை. நாட்பட்ட சோர்வு நோயால் துன்புற்றவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்த அனுபவம் அது. 2020 ஆகஸ்டில் உலகச் சுகாதார நிறுவனம் இந்நோயாளிகளைச் சந்தித்தது. 2021 அக்டோபர் 6 அன்று, தொற்றுக்கு மூன்று மாதம் கழித்தும் தென்பட்டு, குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு காரணத்தால் விளக்க முடியாத நிலை என்று இதற்கு வரையறை தந்தது.

இந்த ஆய்விலும் இரண்டாவது எண் இல்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. பங்கேற்றவர்கள் தாமாக முன்வந்தவர்கள். நோய் நீடித்தவர்களே ஆதரவுக் குழுக்களில் சேர்வார்கள் என்பதால், தொற்று வந்த நூறு பேரில் எத்தனை பேருக்கு நோய் நீடிக்கும் என்பதை இந்த ஆய்வால் சொல்ல முடியாது. இத்தகைய கோணலைப் புள்ளியியல் ‘தெரிவுச் சாய்வு’ என்கிறது. பங்கேற்றவர்களில் தொற்று பரிசோதனையால் உறுதியானவர்கள் 1,020 பேர் மட்டுமே. ஐந்தில் நான்கு பங்கினர் பெண்கள். தொற்று வந்தவர், வராதவர் இருசாராரையும் வீடுவீடாகத் தெரிவுசெய்து ஒப்பிடும் வேலையைப் பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் பின்னர் செய்தது. நோயாளிகள் கண்டதை நிறுவனங்கள் அளந்தன. அது நடந்ததால்தான் நெடுங்கோவிட் ஒரு நோயாக நிலைபெற்றது. ஹைட்ராக்சிகுளோரோகுயினில் அளவிடும் முன்பே முடிவு ஊருக்குள் வந்துவிட்டது.

அளவிட்ட பிறகும் கண்ணில் படாதவர்கள் உண்டு. நோயாளிகளின் அந்தப் பெரிய ஆய்வுக்கான வினாத்தாள் ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு, போர்ச்சுகீசியம், இத்தாலியம், டச்சு, ரஷ்யம், அரபு, இந்தோனேசியம் ஆகிய ஒன்பது மொழிகளில் கிடைத்தது. உலகிலேயே மிக அதிகமான தொற்றுகள் பதிவான நாடுகளில் இந்தியாவும் ஒன்று; அந்த ஒன்பதில் இந்திய மொழி எதுவும் இல்லை.